நிகழ்காலத்தில் எழுதுக

ஜம்பட்டா வீதிக் கொம்யூனிகேஷனில்
போட்டோகொப்பி ஒரு பக்கம் பதினைந்து ரூபாய்.
ஆங்கில வீட்டுவேலை ஒரு பக்கம் நூறு.
இரண்டாவது விலை பலகையில் இல்லை.
பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஐந்தரைக்குப் பிறகு வருவார்கள்,
டியூஷன் முடிந்த வியர்வையோடு,
மழையில் ஓரம் ஊதிய கொப்பிகளோடு.
"அக்கா, நாளைக்குக் குடுக்கணும்."
எல்லாமே நாளைக்குத்தான்.

நான் போன சுற்றுலா. மழை நாள் ஒன்று.
பாடத்துக் கவிதையில் வரும் கிழட்டு யானை
ஏன் சங்கிலியை இழுக்கவில்லை, ஐந்து வரிகளில்.
நான் யானையைக் கிட்டத்தில் கண்டது ஒரே தரம்:
பெரஹெராவுக்கு முதல்நாள், கொம்பனித்தெருச் சந்தியில்,
லொறியில் நின்றபடி சிக்னலுக்குக் காத்திருந்தது.
அதையே எழுதினேன்.
பத்துக்கு ஏழாம்.

ஜூலையில் எட்டாம் வகுப்புக்கு "என் தந்தை".
நூற்றைம்பது சொற்கள், நிகழ்காலத்தில்.
ஒரே கிழமையில் ஐந்து பேர்.
மெர்வினுக்கு யோசிக்காமல் எழுதினேன்:
சவரம் செய்யும்போது அவர் விசிலடிப்பார்.
அஃப்ராவுக்கு:
சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனை, ஒன்று எழுதாது.
பிறகு களைத்துவிட்டேன்.
மற்ற மூவருக்கும் விசிலையே கொடுத்தேன்,
மெட்டைக்கூட மாற்றாமல்.

இலக்கணப்படி பிழையில்லை.
என் அப்பா இருக்கிறார்,
மட்டக்குளியில், வேறொரு வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால்.
ஒன்பது வருடமாய் அங்கே விசிலடிக்கிறார்.
ஒருமை என்றால் வினைச்சொல்லின் வாலில்
எஸ் போட மறக்கவேண்டாம் என்று
பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினேன்.

ரொமிலா மிஸ் வந்தது வினாத்தாள் அடிக்க.
நாற்பது பிரதி.
மெஷின் சூடேறும்வரை குடையை மடித்து மடித்து
தெருவைப் பார்த்துச் சொன்னா:
"என்ட வகுப்பில நாலு தகப்பன்மார்
ஒரே பாட்டை விசிலடிக்கினம்.
நல்ல மனுசன்போல."
பிறகு காசை எண்ணிக்கொண்டே,
"அதில ஒரு பிள்ளைக்குத் தகப்பன் இல்ல.
அவன்தான் எழும்பி நிண்டு
சத்தமா வாசிச்சுக் காட்டினவன்."

எவன் என்று அவ சொல்லவில்லை.
முப்பத்தெட்டாவது தாள் சிக்கிக்கொண்டது.
மூடியைத் திறந்து அதை இழுப்பதில்
நான் மும்முரமாக இருந்தேன்.

அடுத்த நாள் பெனிற்றா.
அதே தலைப்பு, பிந்தியதற்குத் தண்டனையாக இரண்டு பக்கம்.
நான் பேனையைத் தொடவில்லை.
"அப்பா காலமயில என்ன செய்வார்?"
"சும்மா இருப்பார்."
"பின்னேரம்?"
"சும்மாதான்."
கொஞ்சம் பொறுத்து, "ஹாபர்ல வேல போனதுக்குப் பிறகு.
கதிரைய ஜன்னல் பக்கம் திருப்பி வெச்சிருக்கார்.
கடல் தெரியாது. தண்ணி டேங்க்தான் தெரியும்."

சும்மாவுக்கு ஆங்கிலம் தேடினோம்.
போனில் ஒன்பது கிடைத்தது.
ஒன்று வேலையற்றது, ஒன்று வீணானது,
ஒன்று இலவசம்.
ஒன்றுகூட அந்தக் கதிரையில் உட்காரவில்லை.
"சோம்பேறி இல்ல அக்கா," என்றாள்
நான் சொல்லாத சொல்லுக்கு.

கரன்ட் போனது.
எதிரே பேக்கரியில் ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமி எழும்பியது.
என் போன் வெளிச்சத்தில் கொப்பியைத் தன்பக்கம் இழுத்து
அவளே எழுதத் தொடங்கினாள்,
ஆங்கில எழுத்தில், இரண்டு எம் போட்டு.
நிறுத்தினாள்.
நான் சொல்லிக்கொடுத்த விதி ஞாபகம் வந்திருக்க வேண்டும்,
வாலில் ஒரு எஸ்ஸையும் சேர்த்தாள்:

மை ஃபாதர் சும்மாஸ் எவ்ரி டே.

திருத்தவில்லை.
இரண்டு பக்கமும் அவளே நிரப்பினாள்,
ஏழு மணி தாண்டும்வரை,
டேங்கில் வந்து இருக்கும் காகங்கள் உட்பட.
நூறு ரூபாயை நீட்டியபோது
வேண்டாம் என்று தலையசைத்தேன்.

கரன்ட் வந்ததும் அந்த முதல் பக்கத்தை மட்டும்
ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன்.
பதினைந்து ரூபாய்.
என் கைக்காசு, பெட்டியில் போட்டாயிற்று.